மூணு தடவை கூப்பிடணும்

காதுல மாட்டியிருக்கியே, அதைக் கழட்டு தாயி. கழட்டிட்டு நல்லா சாஞ்சு உக்காரு. பஸ்ஸு ஆட்டத்துல எம்மேல இடிச்சா ஒண்ணும் ஆயிராது. நீ மேக்காட்டுப் பாதையிலதான நடந்து வந்தே? ஷூவுல ஒட்டியிருக்கிற செம்மண்ணைப் பாத்தாத் தெரியாதா. எங்க மஞ்சப்பாறையில வேற எங்கயும் அந்த நெறத்துல மண்ணு கிடையாது. இதைக் காதுல மாட்டிக்கிட்டேதான் நடந்தியா? பாட்டுக் கேட்டுக்கிட்டு? ஆத்தாடி. இன்னைக்குச் செவ்வாக்கெழமை தெரியுமா? பாதை முகப்புல வேப்பங்கொத்து கட்டியிருந்துச்சே, பாத்தியா? பாத்தே. ஏதோ சாமிக்குக் கட்டியிருக்காகன்னு ஒரு போட்டோவும் புடிச்சுட்டு வந்துட்டே. சரிதான்.

அது சாமிக்கு இல்ல தாயி. பன்னி வேட்டைக்கு. தை பொறந்து பங்குனி முடியிற வரைக்கும் செவ்வாயும் சனியும் வேட்டை. கிழங்கை ஒண்ணு விடாம நோண்டிப் போட்டுருதுக, என்ன செய்யிறது. கொத்து தொங்குனா துப்பாக்கி காட்டுக்குள்ள இருக்குன்னு அர்த்தம். அதுக்காக நடக்கக் கூடாதுன்னு இல்ல. பாதை எல்லாருக்கும் பொது. பால்காரன் போறான், பள்ளிக்கொடத்து டீச்சர் போறாக, உன்னைய மாதிரி மூட்டையை முதுகுல கட்டிக்கிட்டு மெட்ராஸ்ல இருந்து வர்ற புள்ளைக போகுதுக. போகலாம். வாயை மூடிக்கிட்டுத்தான் போகக் கூடாது. செடி அசைஞ்சா துப்பாக்கி வச்சிருக்கவன் மூணு தடவை கூப்பிடணும். "பாதையில ஆளா?" அம்புட்டுத்தான். நடக்கிறவுக "ஆளுதான்"னு ஒரு சத்தம் குடுக்கணும். குடுத்தா துப்பாக்கியைக் கீழ போட்டுருவாக. மூணு தடவைக்கும் சத்தம் வரலைன்னா அது பன்னி.

நீ காதை அடைச்சுக்கிட்டு நடந்திருக்கே. ஒரு பத்து நிமிசம் முன்னப் பின்ன ஆயிருந்தா உன்னையத் தூளியில கட்டித்தான் தூக்கிட்டு வந்திருப்பாக. நான் வெளையாட்டுக்குச் சொல்லல. எங்க வீட்டுக்காரரை அப்படித்தான் தூக்கிட்டு வந்தாக.

இந்தா, எலுமிச்சம்பழம். கையில வச்சு மோந்துக்க. இன்னும் ஒம்பது ஊசி வளைவு இருக்கு, தலை சுத்தும்.

அந்தச் சட்டத்தைப் போட்டது யாருன்னு நெனைக்கிறே? கவர்மெண்டா? ஃபாரஸ்ட்காரனா? நான். இந்த வெள்ளத்தாயி. ஆறு வருசம் இருக்கும். எங்க செவலை ஆட்டைச் சுட்டுப்புட்டாக. செனை ஆடு தாயி. பன்னின்னு நெனைச்சுட்டோம்னாக. ஆட்டுக்கும் பன்னிக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு எதுக்குய்யா துப்பாக்கின்னு ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சுக் கேட்டேன். பொம்பளைக யாரும் கூட்டத்துல எந்திரிக்கிறதில்ல, நான் எந்திரிச்சேன். இன்னைக்கு ஆடு, நாளைக்கு ஆளு. கூப்பிட்டுட்டுச் சுடு, ஒரு தடவை இல்ல, மூணு தடவை கூப்பிடு. கெழவன் கெழவி காதுல விழணும், மூச்சு வாங்கிப் பதில் சொல்ல நேரம் வேணும்னேன். அப்ப அந்தாளும் கூட்டத்துல இருந்தான். ஊர்லயே லைசென்ஸ் துப்பாக்கி அந்தாளுகிட்டத்தான் மொதமொதல்ல வந்துச்சு. அந்தாளு என்ன சொன்னான் தெரியுமா? என்னையப் பாக்கல. தலைவரைப் பாத்து, "தலைவரே, அவுக கேக்குறது நியாயம். மூணு தடவை கூப்பிடுவோம்னு அவுககிட்டச் சொல்லுங்க"ன்னான். நானும் விடல. "தலைவரே, சொன்னா மட்டும் பத்தாது, செய்யணும்னு அவுககிட்டச் சொல்லுங்க"ன்னேன். தலைவரு பாவம், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையத் திருப்பித் திருப்பிக் கழுத்துச் சுளுக்கிப் போச்சு.

அந்தாளு யாருன்னு கேக்குறியா? எங்கண்ணன். கூடப் பொறந்தவன். சடையாண்டி.

ஒம்பது வருசமாப் பேச்சு இல்ல. பத்தாவது வருசம் நடக்குது. நீயே சொல்லு, நியாயத்தைச் சொல்லு. எம்மக பெரிய மனுசி ஆனா. ஒத்தைப் பொம்பளைப் புள்ள. சடங்கு வைக்கிறோம். தாய்மாமன் வரணுமா வேண்டாமா? மாலை போடணும், சீர் வைக்கணும், அவன் இல்லாம ஒண்ணும் நடக்காது. காலையில ஒம்பதுல இருந்து பத்தரை முகூர்த்தம். ஒம்பதாச்சு, ஆளக் காணோம். பத்தாச்சு, காணோம். வந்த சனமெல்லாம் என் மொகத்தைப் பாக்குது. மாமன் எங்க, மாமன் எங்கன்னு கேக்குது. பத்தே கால் வரைக்கும் பாத்தேன். எங்க வீட்டுக்காரரோட பங்காளி ஒருத்தர் இருந்தாரு. நீங்க போடுங்கய்யா மாலையைன்னு குடுத்துட்டேன். போட்டாரு. முடிஞ்சுச்சு. பன்னெண்டரைக்கு வர்றான் எங்கண்ணன். மதினி ஒரு தட்டு, அவன் ஒரு தட்டு, மச்சினன் ரெண்டு தட்டு. முழங்காலு வரைக்கும் சேறு. வேட்டி கிழிஞ்சிருக்கு. சீர் வாங்க டவுனுக்குப் போயிட்டுத் திரும்புறப்ப ரோட்டுல மண்ணு சரிஞ்சு விழுந்திருச்சாம், ஜீப்பை அங்கயே விட்டுட்டு மேக்காட்டுப் பாதையில ஏறி நடந்தே வந்தாகளாம். மண்ணு அன்னைக்குத்தானா சரியணும்? மொத நாளே வாங்கிட்டு ஊரு வந்து சேந்திருந்தா என்ன? அவன் வாசல்ல வந்து நின்னான். நான் உள்ள பந்தி பாத்துக்கிட்டு இருந்தேன். வாங்கன்னு சொல்லலையாம். அதுக்குக் கோவிச்சுக்கிட்டுத் தட்டை எல்லாம் வாசப்படியில வச்சுட்டுத் திரும்பிப் போயிட்டான். ஒரு வாய் சோறு திங்காம. எம்மக சடங்குச் சோத்தைத் திங்காம போனவன்கிட்ட எனக்கு என்ன பேச்சு?

பாத்தேன் தாயி. அவன் நின்னதைப் பாத்தேன். ஒரு அஞ்சு நிமிசம் நின்னிருப்பான். கையில சாம்பாரு வாளி இருந்துச்சு எனக்கு. வாளியை வச்சுட்டு ஓடிப்போயி வாங்கன்னு சொல்லணுமாக்கும். லேட்டா வந்தவன் அவன். அவன்தான மொதல்ல பேசணும்.

அன்னையில இருந்து அவன் தெருவுல நான் போறதில்ல. எங்க வீட்டு விசேசத்துக்கு அவனைச் சொல்றதில்ல. எங்க வீட்டுக்காரரு இருக்காரே, அவரு ஒரு அப்பாவி. தவசின்னு பேரு, பேருக்கேத்த மாதிரி வாயே தொறக்க மாட்டாரு. அவரு மட்டும் எனக்குத் தெரியாம டீக்கடையில அவன்கூட உக்காந்து டீ குடிச்சாரு. எனக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு வீட்டுல ஒலை வைக்கல நான். அதோட அதுவும் நின்னுச்சு.

போன வருசம் அவருக்குச் சுகர்னு சொல்லிட்டாக. முந்நூத்திப் பத்து. டாக்டரு, தெனமும் முக்கால் மணி நேரம் நடக்கணும்னாரு. ஊரே சிரிச்சுச்சு. மலைமேல இருக்கிறவனுக்கு நடைப் பயிற்சியான்னு. சிரிக்கட்டும்னு நான் அவரை விடல. விடிஞ்சும் விடியாம எழுப்பி மேக்காட்டுப் பாதையில கூட்டிட்டுப் போவேன். குளிருமேன்னு ஒரு கருப்புக் கம்பளி எடுத்துக் குடுத்தேன். தலையில கருப்புக் குல்லா. நான் முன்னால, அவரு பின்னால. ரெண்டு மாசத்துல நூத்தி எண்பதுக்கு எறங்குச்சு தாயி. டாக்டரே யாரும்மா கூட்டிட்டுப் போறதுன்னு கேட்டாரு. நான்தான் சார்னேன். வேட்டை நாளுலயும் போவோம். யாரு கூப்பிட்டாலும் சத்தம் குடுப்போம். சுப்பனா, ஆளுதான். வேலனா, ஆளுதான். ஒரு நாளும் தப்புனதில்ல.

மாசி மாசம், ரெண்டாவது சனிக்கெழமை. நல்ல மஞ்சு இறங்கியிருந்துச்சு. வழுக்குப்பாறைகிட்ட வந்துட்டோம். ரெண்டு பக்கமும் உண்ணிச்செடி, ஒரு ஆளு ஒசரம். மேல இருந்து சத்தம் வருது.

"பாதையில ஆளா?"

எனக்கு மொதச் சத்தத்துலயே தெரிஞ்சு போச்சு. கூடப் பொறந்தவன் குரலு தெரியாதா. எங்க வீட்டுக்காரரு வாயைத் தொறந்தாரு. நான் கையைப் புடிச்சுக் கிள்ளுனேன். "அந்தாளு குரலுங்க"ன்னேன்.

"அதுக்கென்ன புள்ள, இது வேட்டைக் குரலு. பேச்சு இல்ல"ன்னாரு.

"ரெண்டும் ஒரே வாயில இருந்துதான வருது. நீங்க இப்ப ஆளுதான்னு சொல்லுங்க, நாளைக்கு டீக்கடையில சொல்லுவான், தங்கச்சி வீட்டுல அவுகளா மொதல்ல பேசிட்டாகன்னு. எட்டு வருசம் நான் காத்த மானம் போயிரும். பேசாம உக்காருங்க."

அவரு உக்காந்தாரு. நான் சொன்னா உக்காந்துருவாரு. அந்த உண்ணிச்செடிக்குள்ள குத்துக்கால் வச்சு, கம்பளியை இழுத்துப் போத்திக்கிட்டு உக்காந்தாரு.

ரெண்டாவது தடவை கூப்பிட்டான். இவரு மறுபடி வாயைத் தொறக்கப் போனாரு. நான் கையை வச்சுப் பொத்திட்டேன். "வாயைத் தொறந்தீங்க, இன்னையோட நான் எங்கயாச்சும் போயிருவேன்"ன்னேன். அவரு கண்ணை உருட்டி என்னையப் பாத்தாரு. நான் வாயில வெரலை வச்சுக் காட்டிட்டு, என்னைய அந்தாளு பாத்துரக் கூடாதுன்னு பாறைக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டேன். அவரு அங்க இருந்து தலையை லேசாத் தூக்கி நான் எங்க போனேன்னு எட்டிப் பாத்தாரு போல. செடி அசைஞ்சுச்சு.

மூணாவது கொஞ்சம் இழுத்துக் கூப்பிட்டான். பாதையில ஆளாஆன்னு. எவ்வளவு நேரம் காத்திருந்தான்னு எனக்குத் தெரியல. ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் சுட்டான்.

என்ன கேட்டே? அப்பக் கூப்பிட்டாருல்லன்னா?

கூப்பிட்டான். கூப்பிடலைன்னு யாரு சொன்னா? மூணு தடவையும் கூப்பிட்டான். ஆனா என்னையவா கூப்பிட்டான்? காட்டைக் கூப்பிட்டான். பாதையில ஆளா, பாதையில ஆளான்னா நான் எப்படிப் பதில் சொல்றது? வெள்ளத்தாயின்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?

நான் இருக்கிறது தெரியாதுதான். தெரியாட்டி என்ன. தங்கச்சி தெனமும் காலையில அந்தப் பாதையில நடக்கிறான்னு ஊருக்கே தெரியும். ஒரு யோசனை வேணாமா.

பால்ரஸ் குண்டு தாயி, சின்னச் சின்ன இரும்பு உருண்டை. பதினோரு குண்டு. எல்லாம் வலது முட்டிக்குக் கீழ. "அய்யோ புள்ள"ன்னு ஒரு சத்தம்தான் போட்டாரு. அந்தாளு மேல இருந்து சறுக்கிக்கிட்டே ஓடி வந்தான். வந்து கம்பளியை விலக்கிப் பாத்துட்டு, துப்பாக்கியைத் தூக்கிப் பாறைமேல எறிஞ்சான். வேட்டியை அவுத்துக் காலைக் கட்டுனான். டவுசரோட நின்னான். மூங்கில வெட்டித் தூளி கட்டி, முன்பாரத்தை அவனே தூக்கிக்கிட்டு நாலு மைல் எறங்குனான். வெடிச் சத்தம் கேட்டு அப்புறமா ஓடி வந்த ஆளுக மாத்திக்கிறேன்னா குடுக்கல. நான் பின்னாலயே ஒப்பாரி வச்சுக்கிட்டு வந்தேன். வழிநெடுக எங்க வீட்டுக்காரருகிட்ட, "மாப்ள, நான் கூப்பிட்டேன் மாப்ள, கேக்கலையா மாப்ள, நான் இன்னும் சத்தமாக் கூப்பிட்டிருக்கணும் மாப்ள"ன்னு அதையே சொல்லிக்கிட்டு வந்தான். அவரு என்னையப் பாத்தாரு. அவ்வளவுதான்.

சுகரு ஒடம்பில்ல. புண்ணு ஆறல. பதினோராம் நாளு முட்டிக்குக் கீழ எடுத்துட்டாக. நான் நடத்தி நடத்திக் கொறைச்ச சுகரு. இப்ப அந்தக் காலு இல்ல. செருப்புக் கடைக்குப் போனா ஜோடியாத்தான் தர்றான். வலது காலு செருப்பை என்ன செய்யிறதுன்னு தெரியாம பரண்மேல போட்டு வைக்கிறேன். அந்தாளு மட்டும் ரெண்டு காலோட நடக்கிறான்ல? நடக்கக் கூடாது. உள்ள போகணும். களி திங்கணும். மதினி வாரத்துக்கு ஒரு நாளு ஜெயில் வாசல்ல போயி மனுக் குடுத்துட்டு நிக்கணும். நான் நின்னேன்ல ஆஸ்பத்திரி வாசல்ல.

அதுக்குத்தான் இப்பக் கோர்ட்டுக்குப் போயிக்கிட்டிருக்கேன். பதினொரு மணிக்கு என்னைய விசாரிக்கிறாக. நான்தான் சாட்சி. நான் மட்டும்தான்.

அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலீசு வந்துச்சு. என்னம்மா நடந்துச்சுன்னு கேட்டாக. "எங்களுக்கும் அவனுக்கும் எட்டு வருசப் பகை. கூப்பிடவே இல்ல, சுட்டுட்டான்"னு சொன்னேன். எழுதிக்கிட்டாக. கைநாட்டு இல்ல, கையெழுத்தே போட்டேன். சர்க்கார் வக்கீலு தங்கமான மனுசன். உக்கார வச்சுச் சொன்னாரு. "அம்மா, எல்லாம் உங்க ஒரு வார்த்தையிலதான் இருக்கு. மூணு தடவை கூப்பிட்டு, யாரும் சத்தம் குடுக்காம சுட்டிருந்தா அது விபத்து. கூப்பிடாம சுட்டிருந்தா, பகையும் இருக்கிறதால, கொலை முயற்சி. பத்து வருசம் வரைக்கும் போகும். நல்லா நெனைச்சுப் பாத்துச் சொல்லுங்க"ன்னாரு. நெனைக்கிறதுக்கு என்ன இருக்கு. பத்து வருசம். சரியாத்தான இருக்கு. ஒம்பது வருசம் பேசாம இருந்தான்ல.

என்னைய ஏன் அப்படிப் பாக்குறே? உன்கிட்ட உள்ளதைச் சொன்னேன். நீ யாரோ, நான் யாரோ, கீழ எறங்குனா நீ மெட்ராஸ் போயிருவே. கோர்ட்டுல சொல்றது வேற. கோர்ட்டுல, கூப்பிடல. அம்புட்டுத்தான். வீட்டுல கண்ணாடியைப் பாத்துச் சொல்லிப் பாத்தேன், கொரலு நடுங்காம வருது.

எங்க வீட்டுக்காரருக்கும்தான் சம்மன் வந்துச்சு. அவரு போலீசுல என்ன சொன்னாரு தெரியுமா? எனக்கு மயக்கமாயிருச்சு சாமி, ஒண்ணும் தெரியாதுன்னுட்டாரு. சுடுறதுக்கு முன்னாடியே மயக்கமாம். போலீசே சிரிச்சுச்சு. இன்னைக்கும் அதைத்தான் சொல்லுவாரு. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து என்கூட ரொம்பப் பேசுறதில்ல. சாப்பிட வாங்கன்னா வருவாரு. மாத்திரை குடுத்தா முழுங்குவாரு. இன்னைக்குக் காலையில மட்டும் பேசுனாரு. சட்டையை மாட்டிக்கிட்டே, "புள்ள, நீ என் வாயைப் பொத்துனதை நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. உங்கண்ணன்கிட்டயும் சொல்லல. இனியும் சொல்ல மாட்டேன். நீயாச் சொன்னா உண்டு"ன்னாரு. எதுக்குச் சொல்றாருன்னு எனக்கு வெளங்கல. வாயைப் பொத்துனதுக்கும் சுட்டதுக்கும் என்ன சம்பந்தம்? சுட்டது நானா?

சொல்லிட்டு என்ன செஞ்சாரு தெரியுமா? அந்தாளு ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. ஆமா தாயி, கோர்ட்டுக்குத்தான். ஜாமீன்ல இருக்கிற குத்தவாளியும் அடிபட்டவரும் ஒரே ஜீப்புல போறாக. இந்த அநியாயத்தை எங்கயாச்சும் கேட்டிருக்கியா? வாராவாரம் அப்படித்தான். புண்ணுக்கு மருந்து கட்ட அந்தாளுதான் வந்து தூக்கி ஜீப்புல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவான். ஜீப்பு சத்தம் கேட்டா நான் உள்ள போயிக் கதவைச் சாத்திக்குவேன். இன்னைக்கு எனக்கும் சேத்துப் பின்னால எடம் போட்டு வச்சிருந்தானாம். மதினி வந்து சொன்னா. நான் பஸ்ஸுல வர்றேன், போகச் சொல்லுன்னுட்டேன்.

நான் கல்லு இல்ல தாயி. எனக்கும் மனசு இருக்கு. எனக்கு என்ன வேணும்? ஒரே ஒரு வார்த்தை. அவன் என்கிட்ட வந்து, என் மொகத்தைப் பாத்து, வெள்ளத்தாயின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். இன்னைக்கே, இந்த நிமிசமே, ஜட்ஜுகிட்டப் போயி உள்ளதை உள்ளபடி சொல்லிருவேன். கூப்பிட்டான் அய்யா, மூணு தடவை கூப்பிட்டான், நான்தான் பதில் சொல்லலைன்னு. சத்தியமாச் சொல்லுவேன். எங்கப்பா செத்தப்புறம் என்னையக் கட்டிக் குடுத்தது அவன்தான். எனக்கு மறந்தா போச்சு? ஆனா அவன் மொதல்ல பேசணும். பேச மாட்டேங்குறான். அம்புட்டு வீம்பு.

பேசவே இல்லையான்னு கேக்குறியா?

ஆஸ்பத்திரியில பதினோரு நாளும் வெளி வராண்டாவுல நின்னான். காலை எடுத்த அன்னைக்கு வந்து என் கால்ல விழுந்தான். அத்தனை சனம் பாக்க, தரையில தலையை முட்டி, "மன்னிச்சிரு தாயி"ன்னான். தாயின்னா யாரு? உன்னையத்தான் ஏறுனதுல இருந்து நான் தாயிங்கிறேன். நீயும் நானும் ஒறவா? பேரைச் சொல்லல. அது கணக்குல வராது.

அப்புறம் தீபாவளிக்குச் சேலை குடுத்து விட்டான், மதினிகிட்ட. சேலை பேசுமா? பொங்கலுக்கு வாசல்ல வந்து நின்னான். நின்னுக்கிட்டு, "கரும்பு வச்சுட்டுப் போறேன்"ன்னான். எங்க வீட்டுக்காரரு அங்கதான் கட்டில்ல உக்காந்திருந்தாரு. அவருகிட்டத்தான் சொன்னான். நான் அடுப்படியில இருந்து பாத்தேன், மொகம் அடுப்படிப் பக்கம்தான் இருந்துச்சு. இருந்தா என்ன. பேரு சொன்னானா? சொல்லல.

போலீசு ஸ்டேசன்ல என்ன சொன்னான் தெரியுமா? "மூணு தடவை கூப்பிட்டேன் அய்யா. ஆனா என் தங்கச்சி கூப்பிடலைன்னு சொல்லுதுன்னா, காத்துல கேட்டிருக்காது. என் தப்புதான்"னானாம். வக்கீலு வைக்கிறப்பவும், என் தங்கச்சியைக் கூண்டுல வச்சுக் கொடைஞ்சு கேள்வி கேக்கக் கூடாது, அப்படின்னாத்தான் இந்த வக்கீலு வேணும்னானாம். சர்க்கார் வக்கீலே என்கிட்டச் சொல்லி ஆச்சரியப்பட்டாரு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. கேளேன்யா. கேட்டாத்தான் என்ன. நீ பொய் சொல்றேன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லேன். அதுவும் ஒரு பேச்சுத்தான. அதைக் கூடச் சொல்ல மாட்டேங்குறான் பாரு, அதுதான் அவன் திமிரு.

தோ, டவுனு வந்துருச்சு. அந்தத் தண்ணித் தொட்டி தெரியுதா, அதைத் தாண்டுனா பஸ் ஸ்டாண்டு. எலுமிச்சம்பழத்தை வச்சுக்க, நீயே வச்சுக்க. மூட்டையை எடுத்துக்க. இனிமே அந்தப் பாதையில நடந்தா காதைத் தொறந்து வச்சுக்கிட்டு நட. யாரு கூப்பிட்டாலும் சத்தம் குடுக்கணும். ஆகாதவன் கூப்பிட்டாக்கூட. உசுரு பெருசில்லையா.

எல்லாரும் எறங்கட்டும், இரு. முண்டியடிச்சுக்கிட்டு எறங்க முடியாது என்னால.

என்ன, ஏன் சன்னலைப் பாக்குறே? யாரு? கட்டம் போட்ட துண்டா? நரைச்ச தாடியா?

அந்தாளுதான். இங்க எங்க வந்தான். இவன் கோர்ட்டுல இல்ல இருக்கணும். பஸ் ஸ்டாண்டுல என்ன வேலை.

கேக்குது. எனக்கும் காது இருக்கு, கேக்குது. "வெள்ளத்தாயி"ன்னுதான் கூப்பிடறான். "வெள்ளத்தாயி, கோர்ட்டு இப்பப் பழைய எடத்துல இல்ல, பைபாஸ்கிட்ட மாத்திட்டாக. நீ வழி தெரியாம அலைவேன்னு மாப்ள சொன்னாரு. வா, நேரமாச்சு, நான் காட்டுறேன்." ஊரே திரும்பிப் பாக்குற மாதிரிக் கத்துறான் பாரு.

கைய விடு தாயி. நீ எதுக்கு என்னைய இடிக்கிறே. இந்த ஊர்ல எத்தனை வெள்ளத்தாயி இருக்காளோ. அவன் யாரைக் கூப்பிடறானோ. மொகத்தைப் பாத்தா கூப்பிடறான்? சன்னலைப் பாத்துக் கூப்பிடறான்.

மணி என்ன? பத்தே முக்காலா? சரி. நீ அந்தப் பக்கத்துப் படியில எறங்கி, கண்டக்டருகிட்டக் கேளு. பைபாஸ் கோர்ட்டுக்கு எந்தப் பஸ்ஸு, எங்க நிக்கும்னு கேட்டுட்டு வந்து சொல்லு. நான் கேக்கக் கூடாது. அவன் நிக்கிற எடத்துல நான் வாயைத் தொறந்து வழி கேட்டா, அவன்கிட்டக் கேட்ட மாதிரி ஆயிரும்.